ஏறாத நாடி

அப்பாவிடம் அடி வாங்காத பாத்திரம்கூட பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டில் கிடையாது. குண்டான் நெளிந்திருக்கும். அம்மாவின் முன்பல் பாதி உடைந்திருக்கும். ஆவடியில் ஃபிட்டர் வேலை பார்த்தவரின் கை அது.

அடித்து ஓய்ந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "எதுத்துப் பேசி என்னை சாவடிக்கப் பாக்குறியா? நெஞ்சு படபடங்குது. டாக்டர் இன்னா சொன்னாரு?" சர்க்கரை இருக்கிறது, கோபப்பட்டால் இதயத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அது லைசென்ஸ் மாதிரி ஆகிவிட்டது. அம்மா அடியையும் வாங்கிக்கொண்டு தண்ணீரும் கொண்டுவந்து கொடுப்பாள். வாய் திறந்தால் புருஷன் செத்துப்போவான் என்று பயம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கல்லூரியில் உடலியங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். இதயத்தை விரட்ட ஒரு நரம்பு, இழுத்துப் பிடிக்க ஒரு நரம்பு. இரண்டும் நம்மைக் கேட்காமல் தாமாகவே வேலை செய்யும். மூச்சை ஆழமாக இழுத்தால் நாடி வேகமெடுக்கும், விட்டால் தணியும்; எழுந்து நின்றாலும், கோபம் வந்தாலும் ஏறும். நாள்பட்ட சர்க்கரை இந்த நரம்புகளை அரித்துவிட்டால் எதற்கும் மாறாது. இதை வீட்டில் இருப்பவர்களிடம் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள்.

ஞாயிறு மதியம் முதலில் அம்மாவைப் பார்த்தேன். அவள் நாடி மூச்சோடு சேர்ந்து அழகாக ஏறி இறங்கியது. அப்பா தானாக வந்து இடது கையை நீட்டினார்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவர் நாடி வேகமாக ஓடியது. மூச்சை இழுத்தார், விட்டார். மாறவில்லை. எழுந்து நிற்கச் சொன்னேன். அப்போதும் மாறவில்லை.

"இன்னொரு தடவை இழு நைனா."

"இன்னாடி, என்னை வெச்சி வெளையாடுறியா?"

வலது கை என் கன்னத்தில் இறங்கியது. காது கொய்ங் என்றது, வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. மணிக்கட்டிலிருந்து விரலை மட்டும் நான் எடுக்கவில்லை. வீம்புதான். இன்னொரு அறை விழுந்தது. அந்த நாடி சுவர்க்கடிகாரம் மாதிரி அதே கதியில் ஓடிக்கொண்டிருந்தது. என் நாடிதான் தறிகெட்டு ஓடியது.

வழக்கம்போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா சொம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

"நாடி ஏறலம்மா," என்றேன். "சக்கரை நரம்பைத் தின்னுடுச்சி. அது நல்லதில்ல, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும். ஆனா கோவத்துல படபடங்குதுன்றது பொய்மா. என்னை அடிக்கும்போதும் நாடி அப்படியேதான் ஓடிகினு இருந்துச்சி."

அம்மா சொம்போடு என் பக்கம் திரும்பினாள். "அப்போ இத்தினி வருஷம் நான் வாய மூடிகினு கெடந்தது?"

அப்பா எழுந்து பெல்ட்டை உருவினார். அம்மா சொம்பை ஓங்கி எறிந்தாள். அது பட்டு அவர் நெற்றி பிளந்து, ரத்தம் புருவத்தில் வழிந்தது. சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தார். கை மறுபடி நெஞ்சுக்குப் போனது.

அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நான் செய்த மாதிரியே மணிக்கட்டில் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"அப்படியேதான் கீது," என்றாள் என்னிடம்.

பழைய சேலையைக் கிழித்து நெற்றியில் கட்டிவிட்டாள். தண்ணீர் கொடுக்கவில்லை.