மிதிவெடிக் காட்டுப் புகை

வலது சப்பாத்தின் நாடாவைக் கட்டிவிட்டேன். இடது காலுக்குக் குனிய முடியவில்லை. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது. எங்கோ பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். எங்கள் வீட்டில் பூனை இல்லை. சத்தம் என் நெஞ்சிலிருந்து வருகிறது என்று விளங்கச் சற்று நேரமாயிற்று.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. மல்லாவியில் இருக்கிறோம். போர்க்காலத்தில் புதைத்த மிதிவெடிகளை அகற்றுவது என் தொழில். பாரமான கவச உடுப்பும் முகக் கவசமும் அணிந்து, வெயிலில் முழந்தாளிட்டு, மண்ணை விரல் விரலாக விலக்கித் தேடும் வேலை. விரும்பித்தான் செய்கிறேன். புகையால் மூச்சு முட்டிப்போய் இதை வாசிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் திரும்பவும் அந்தக் காட்டுக்குள் போனேன். அதைச் சொல்லத்தான் எனக்கு இவ்வளவு அவசரம்.

ஐந்து நாள் முன்பு நாங்கள் வேலை செய்த புதர் மண்டிய பற்றைக்காட்டில் தீப்பிடித்திருந்தது. யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. கடும் கோடை, கூடவே கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று. தண்ணீர் வண்டி வந்தது. ஆனால் மிதிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகைக்கு அப்பால் ஒருவரும் கால் வைக்க முடியாது. உள்ளே வெடிகள். எரிந்து முடியட்டும் என்று விடுவதைத் தவிர வழியில்லை.

ஊர்ச்சனம் கிட்டப் போகாமல் மறிப்பதற்காக நாங்கள் வீதியோரம் நின்றோம். சூட்டில் உள்ளே ஒன்று வெடித்தது. “ஒண்டு!” என்று எங்களில் ஒருத்தி கத்தினாள். கொஞ்சத்தால் இன்னொன்று. “ரெண்டு!” எல்லோரும் கை தட்டினோம். நாங்கள் தேட வேண்டியதை நெருப்பே தேடித் தருகிறதே என்ற புளுகம், சந்தோசம்.

எங்கள் குழுத் தலைவி ராணி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “கை தட்டாதேங்கோ பிள்ளையள். வெடிச்சது போயிட்டுது. பாதி வெந்து கிடக்கிறதுதான் இனி எங்களுக்குத் தொல்லை.”

மூன்று நாள் எரிந்தது. காற்று எங்கள் பக்கம் திரும்பியபோதெல்லாம் லேஞ்சியை (கைக்குட்டை) மூக்கில் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றோம். புகையைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. நான் மூன்று நாளும் நின்றேன்.

சப்பாத்துக் கட்ட முடியாத அன்று கணவர் என்னை மோட்டார் சைக்கிளில் மல்லாவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கி மூச்சோடு கலக்கும் கருவி) வைத்தார்கள். பூனைக்குட்டி அடங்கியது. வவுனியா கிளினிக்குக் கடிதம் தந்தார்கள்.

அங்கே ஸ்பைரோமெட்ரி (நுரையீரலிலிருந்து காற்று எவ்வளவு, எந்த வேகத்தில் வெளியேறுகிறது என்று பார்க்கும் சோதனை) செய்தார்கள். குழாயை வாயில் வைத்ததும் டொக்டர் அம்மா கதிரையை விட்டே எழும்பிவிட்டா. “ஊதுங்கோ, ஊதுங்கோ, இன்னும், விடாதேங்கோ!” விளையாட்டுப் போட்டியில்கூட என்னை அப்படி யாரும் உற்சாகப்படுத்தியதில்லை. அப்படியிருந்தும் திரையில் கோடு பாதியில் விழுந்தது.

“சின்னனில மாரிக்கு இருமல் வாறதோ?”

“ஓம் டொக்டர். ஒவ்வொரு வருசமும்.”

“அப்ப தொய்வு உங்களுக்குள்ள எப்பவோ இருந்திருக்கு. புகை அதை எழுப்பி விட்டிட்டுது.”

தொய்வு என்று நாங்கள் சொல்வதுதான் ஆஸ்துமா (மூச்சுக் குழாய்கள் வீங்கி ஒடுங்கும் நோய்). காட்டுப் புகையில் கண்ணுக்குத் தெரியாத கரித்துகள்கள் இருக்குமாம். லேஞ்சித் துணி அவற்றை மறிக்காதாம். நுரையீரலின் அடிவரை போய்ப் படியுமாம். எரியும் இடத்தைவிட்டு விலகிப் போவதுதான் முதல் மருந்து என்றா.

“நான் வேலைக்குத் திரும்பலாமோ?”

“மூண்டு மாசம் பாப்பம். இப்ப ஓமெண்டும் சொல்லமாட்டன், இல்லையெண்டும் சொல்லமாட்டன்.”

வீட்டில் கணவருக்கு அந்தப் பதில் போதவில்லை. “போதும் உம்மட வேலை. வயல் இருக்கு, சாப்பிடலாம்.”

“சாப்பாடு மட்டுமோப்பா பிரச்சினை? அந்தக் காணிக்காரச் சனம் இன்னும் ஊருக்குத் திரும்பேலாம வெளியில நிக்குது. வெடி தேட நான் துவங்கின பாதை அது.”

அவர் எழும்பிப் போய்க் குசினியில் தேத்தண்ணி போட்டார். எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று. மறுநாளே விறகடுப்பை வெளிக்கொட்டிலுக்கு மாற்றியவரும் அவர்தான்.

கிளினிக்கில் இரண்டு பம் (மருந்தை மூச்சோடு உள்ளிழுக்கும் கைக்கருவி) தந்தார்கள். நீலம், மூச்சு முட்டு வரும்போது அடிப்பது. மண்ணிறம் முட்டு வராமலிருக்கத் தினமும் அடிப்பது. இங்கேதான் நான் பிழை விட்டேன். ஒரு மாதத்தில் சுகம் தெரிந்ததும் மண்ணிறத்தை நிறுத்தினேன். அடுத்த கிழமையே அயலில் யாரோ குப்பை எரிக்க, மறுபடி நெபுலைசர். தயவுசெய்து நீங்கள் நிறுத்தாதீர்கள்.

அதன்பிறகு ஒழுங்காக இருந்தேன். பீக் ஃப்ளோ மீற்றர் (ஊதும் வேகத்தைக் காட்டும் சிறு குழாய்) வாங்கினோம். காலையும் மாலையும் ஊதினேன். முள் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு ஏறியது. மஞ்சளில் நாள்கணக்காக நின்று என்னை வதைத்தது. ஒரு காலை முள் பச்சைக்குள் பாய்ந்தது. பிழையாக இருக்குமோ என்று திரும்ப ஊதினேன். பச்சை! “இஞ்ச ஓடி வாங்கோ!” என்று கத்தியதில் வயலுக்குப் புறப்பட்டவர் மண்வெட்டியோடு ஓடிவந்தார். அவரும் ஊதிப் பார்த்தார். ஊதத் தெரியாததால் என்னைவிடக் குறைவு. அன்று முழுவதும் சிரித்தேன்.

மூன்றாம் மாத முடிவில் கிளினிக்கில் மறுபடி ஊதினேன்; கோடு இந்தமுறை பாதியில் விழாமல் எங்கே போய் நின்றது என்று எனக்குக் காட்டிவிட்டு, வேலைக்குத் திரும்பலாம் என்ற கடிதத்தில் டொக்டர் அம்மா கையெழுத்திட்டா. நிபந்தனை இரண்டு: நீலப் பம் எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும், புகை என்றால் முதலில் விலகுபவள் நானாக இருக்க வேண்டும்.

முதல் மழைக்குப் பின் காட்டுக்குப் போனோம். பற்றை எல்லாம் போய், கரிய மண்ணில் பச்சைப் புல் முளைத்திருந்தது. அன்று பத்து மணிக்கு முன்னரே ஒரு வெடியைக் கண்டேன். மேல்பக்கம் உருகி, தோசைக்கல்லில் ஒட்டிய மாவுபோல் நெளிந்திருந்தது. நெஞ்சு படபடத்தது. ஆனால் மூச்சு முட்டவில்லை. கையைத் தூக்கி ராணி அக்காவுக்கு அடையாளம் காட்டினேன்.

“மூச்சு எப்பிடி?” இதுதான் அவாவின் முதல் கேள்வி.

“நல்லா வருது அக்கா!”

முகக் கவசத்துக்குள் என் மூச்சு பனிபோலப் படிகிறது, மறைகிறது. முன்பும் அப்படித்தான் படிந்திருக்கும், நான் கண்டதில்லை. அது விலாவில் எங்கே தொடங்குகிறது, எங்கே திரும்புகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். ஒரு விரல் மண்ணை விலக்க மூன்று மூச்சு ஆகிறது. முன்பு எத்தனை ஆனது என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.