அக்கா தன் மகளுக்கு வைக்காத பெயர்

ஓராண்டு நினைவு மலருக்கு அக்காவைப் பற்றி எழுதும்படி அவரின் கணவர், என் அத்தான், கேட்டபோது, நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், பிழை வரும் என்றேன். "இந்த வீட்டில் தமிழ் எழுதத் தெரிந்தவன் இப்போது நீ மட்டும்தான்" என்றார். அத்தான் இலண்டனில் பிறந்து வளர்ந்த யூதர். அவர் சொன்னது உண்மையானபடியால் எழுதுகிறேன்.

அக்கா யாழ்ப்பாணத்தில், வலிகாமப் பகுதியில் பிறந்தார். ஐயா நேரத்தோடு காலமாகிவிட, அம்மா தையல் தைத்து எங்கள் இருவரையும் வளர்த்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் அக்கா படிக்கவென்று இலண்டன் வந்தார். படிப்பு இடையில் நின்றது. மருந்துக்கடை ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கேதான் அத்தானைச் சந்தித்தார். கலியாணப் பதிவுக்கு இரண்டு பக்கத்திலும் ஆட்கள் குறைவு. எங்கள் சனம் சொன்னதையும் அவர்கள் சனம் சொன்னதையும் அக்கா கேட்டுக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனார்.

நான் அந்த வருடங்களில் ஜெர்மனியில் அகதி முகாமிலும் பாரிசில் பாத்திரம் கழுவுமிடத்திலும் இருந்தேன். ஒரு மாரி காலத்தில் இலண்டன் கிங்ஸ்பரியில் அக்காவின் வாசலில் பையோடு போய் நின்றேன்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வா. மெலிஞ்சு போனாய்" என்றார். எங்கே இருந்தாய், ஏன் எழுதவில்லை என்று ஒன்றும் கேட்கவில்லை. அதன்பின் நான் எத்தனையோ தரம் போய் எத்தனையோ தரம் வந்தேன். ஒருநாளும் கேட்டதில்லை.

கலியாணமாகிப் பல வருடங்களின் பின், தொண்ணூறுகளின் நடுவில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அத்தானின் தாயார் குழந்தை பிறக்கும்வரை வீட்டுக்குள் ஒரு சட்டைகூடக் கொண்டுவர விடவில்லை. அது அவர்கள் வழக்கம். பிறந்த அன்றே தொட்டில், துணி எல்லாம் வந்து இறங்கின. தொட்டிலில் அவர் கண்ணூறுக்குச் சிவப்பு நூல் கட்டினார். அக்கா கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்தார். "ரெண்டு காவல். இனி ஒரு பேயும் கிட்ட வராது" என்று அக்கா சிரித்தார்.

தாய் யூதர் இல்லை என்பதால் அவர்களுடைய தொழுகைக்கூடத்தில் பெயர் சூட்ட முடியாது என்றார்கள். அத்தான் கோபப்பட்டார். அவருடைய தாயார், "என் வீட்டுக் கூடத்தில் செய்வோம், யார் வந்து தடுப்பார்கள்?" என்றார். எங்கள் வழக்கப்படி பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியும் முப்பத்தோராம் நாளை அக்கா தெரிவுசெய்தார்.

பிழைவிட்டது நான். அந்த நாளுக்கு ஒரு கிழமைக்கு முன், என் அரைகுறை ஆங்கிலத்தில் அத்தானின் தாயாரிடம் சந்தோசமாகச் சொன்னேன்: "பெயர் தயார். எங்கள் அம்மாவின் பெயரைத்தான் அக்கா வைக்கப்போகிறார்."

அவர் என் கையைப் பிடித்தார். "எனக்குத் தெரியாதே. அம்மா எப்போது இறந்தார்?"

"இறக்கவில்லை. ஊரில் இருக்கிறார்."

அவர் கையை விட்டார். அவர்கள் இறந்தவர்களின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்கள். உயிரோடிருப்பவரின் பெயரை வைத்தால், சாவு ஆள்மாறி வந்துவிடும் என்று பயம். எங்களுக்கு அப்படியில்லை, இருக்கிறவரின் பெயரை வைத்தால் அவருக்குப் பெருமை என்று விளக்கினேன். பிறகு அவர் கேட்டார்:

"உயிரோடுதான் இருக்கிறார் என்று நிச்சயமாகத் தெரியுமா?"

தெரியாது. அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் நடந்த சண்டையில் ஊரே எழும்பி நடந்துவிட்டது. அம்மா எந்தப் பக்கம் போனார் என்று யாருக்கும் தெரியாது. மாதக்கணக்காகக் கடிதம் இல்லை. கொழும்பிலிருந்த உறவினருக்குத் தொலைபேசி எடுத்தால், "விசாரிக்கிறம், விசாரிக்கிறம்" என்பார்கள். வவுனியா தாண்டி வந்த ஒருவர் ஹவுன்ஸ்லோவில் தங்கியிருப்பதாக அறிந்து, அம்மாவின் படத்தோடு போனேன். நெடுநேரம் பார்த்தார்.

"கண்ட மாதிரித்தான் கிடக்கு, தம்பி. ஆனா சத்தியம் பண்ணமாட்டன். ரோட்டிலை வந்த எல்லா அம்மாமாரும் ஒரே மாதிரித்தான் இருந்தவை."

அதையும் அத்தானின் தாயார் சொன்னதையும் அக்காவிடம் கொண்டுவந்தேன். அவர் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பேரை வைச்சா, அம்மா செத்துப்போனா எண்டு நானே சொன்ன மாதிரியெல்லோ இவை நினைப்பினம்?"

"நாங்கள் எங்கட முறையிலை வைப்பம், அக்கா."

"வைச்சாப் பிறகு ஒரு செய்தி வந்தா? நான் தாங்கமாட்டன்ரா. விடு. அந்தப் பேரை வைக்காமல் விட்டா அவ இருக்கிறா எண்டு அர்த்தம்."

அத்தானின் தாயார் இதைக் கேட்டு, போலந்தில் விட்டுவந்த தன் தகப்பனைப் பற்றி அன்றுதான் முதன்முதல் சொன்னார். சாவைக் கண்டவர் யாருமில்லை என்று, அவருடைய தாய் பல வருடங்களாக அந்தப் பெயரை எந்தப் பேரப்பிள்ளைக்கும் வைக்க விடவில்லையாம். "உன் அக்கா செய்வது சரி" என்றார். சரியோ பிழையோ, அம்மா எங்கே என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாமலே இருந்தது.

முப்பத்தோராம் நாள் அத்தானின் தாயாரின் வீட்டில் மெழுகுதிரி ஏற்றினார்கள். குழந்தையை வெள்ளைச் சால்வையில் சுற்றி, வாசலிலிருந்து கைக்குக் கை மாற்றிக் கொண்டுவந்தார்கள். தாயின் தாய் நிற்கவேண்டிய இடத்தில் என்னை நிறுத்தினார்கள். பெட்ரோல் நிலைய வேலையிலிருந்து நேரே வந்திருந்தேன்; கை மணத்தது. வாங்கி, அத்தானின் தாயாரிடம் கொடுத்தேன். அவர்களின் முறைப்படி பெயரோடு பெற்றோரின் பெயரையும் சொல்வார்கள். அத்தானின் பாட்டியின் பெயரை வைத்து, "இன்னாருக்கும் இன்னாருக்கும் மகள்" என்று அத்தானின் தாயாரே எபிரேய மொழியில் வாசித்தார். அதுவரை அக்காவை "மகனின் மனைவி" என்றே சொல்லிவந்தவர், அன்று அக்காவின் முழுப் பெயரையும் பிழையில்லாமல் உச்சரித்தார். பழகிப் பார்த்திருக்கவேண்டும். அக்கா அழுதார். இனிப்பு வைன் ஒரு சொட்டுப் பிள்ளையின் உதட்டில் வைத்தார்கள். அது முகத்தைச் சுழித்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த வருடம் அம்மாவின் கடிதம் வந்தது. மன்னார்ப் பக்கம் ஒரு முகாமில் இருந்தார். "பிள்ளைக்கு என்ன பேர் வைச்சனீங்கள்?" என்பதுதான் முதல் வரி. அக்கா கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வீதியில் இறங்கி, அத்தான் வேலை செய்த மருந்துக்கடைவரை ஓடினார்.

அதன்பின் அக்காவுக்கு நல்ல காலம் அதிகம் இருக்கவில்லை. மார்பில் கட்டி, சத்திரசிகிச்சை, மறுபடி கட்டி. வைத்தியர்கள் சொன்னதை அத்தான் எனக்கு எளிய ஆங்கிலத்தில் சொல்வார். எளிதாகச் சொன்னாலும் செய்தி அதுவேதான். கடைசி மாதங்களில் நான் எங்கும் போகவில்லை. தேநீர் வைப்பேன், பிள்ளையைப் பாலர் பள்ளிக்குக் கூட்டிப்போவேன். செய்ய வேறொன்றும் இருக்கவில்லை. மூன்று வயது மகள் பக்கத்தில் படுத்திருக்க, ஒரு காலைப்பொழுதில் அக்கா எம்மைவிட்டுப் பிரிந்தார்.

அக்காவை இறுதிவரை பார்த்த தாதியருக்கும், சமைத்துக்கொண்டு வந்த கிங்ஸ்பரித் தமிழ்க் குடும்பங்களுக்கும், அவர்கள் வழக்கப்படி துக்கம் காத்து ஏழு நாளும் எங்களோடு தாழ்ந்த கதிரையில் இருந்த அத்தானின் தாயாருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்கிறேன்.

ஒரு வேண்டுகோள். ஊருக்குப் போகிறவர்கள் இந்த நினைவு மலரைக் கொண்டுபோக வேண்டாம். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அக்காவுக்குக் கை நோ, அதனால் அக்கா சொல்லச்சொல்ல நான் எழுதுகிறேன் என்று ஒரு வருடமாகக் கடிதம் போடுகிறேன். போன மாதம் அம்மாவின் பதில் வந்தது. நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசி, அக்காவைக் கொஞ்ச நாள் கனமான வேலை செய்யவிடாமல் பார்க்கட்டாம். அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. நானேதான் சொல்லவேண்டும். எப்படி என்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், எனக்குச் சொல்லுங்கள்.