கொக்கு மரத்துக்குக் கீழே

ஒரு சொட்டு மழை இல்லாத தை மாதக் காலையில், இடது கையில் குடையை விரித்துப் பிடித்தபடி வலது கையால் தரை பெருக்கும் ஒரு மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். பெருங்களத்தூர் ஏரிப் பக்கம் இருக்கும் நம் ஆலயத்தின் வாசலில், தூங்குமூஞ்சி மரத்தின் அடியில் அவர் அப்படிப் பெருக்கிக்கொண்டிருந்தார். குடையின் மேல் பொத் பொத்தென்று வெள்ளை வெள்ளையாக விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அவர்தான் அப்போது எங்கள் சபையின் கோவில்பிள்ளை. மணி அடிப்பது, ஆலயத்தைத் திறந்து பூட்டுவது, பெஞ்சு துடைப்பது, வாசல் கழுவுவது எல்லாம் அவர் பொறுப்பு. நீங்கள் அவரைக் கடைசி பெஞ்சுத் தாத்தா என்றுதான் அறிவீர்கள். போன வாரம் சின்னவள் கேட்டாள்: "ஏம்ப்பா, முன்னாடி ஃபேன் கீழ இடம் இருக்கும்போது நீ ஏன் எப்பவும் அந்தத் தாத்தா பக்கத்துலயே போய் உக்கார்ற?" அதற்கு உட்கார்ந்த இடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்களில் பெரியவன் அப்போது கைக்குழந்தை, சின்னவள் பிறக்கவில்லை. எனக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் வேலை. ஆறு நாளும் காதுக்குள் தகரத்தை அடித்துக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அரை மணி முன்னதாகவே போய் அந்த மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்ததும் கொக்குகள் வந்து கூடு கட்டத் தொடங்கும். மடையான் என்று சொல்கிற குருட்டுக்கொக்கு, உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறம். பறந்தால் திடீரென்று முழு வெள்ளை. இன்னொன்று வக்கா. தலை கறுப்பு, கண் ரத்தச் சிவப்பு, பிடரியிலிருந்து நூல் மாதிரி இரண்டு மூன்று வெள்ளை இறகுகள் தொங்கும். இரண்டும் ஒரே மரத்தில். சண்டை இல்லாமல் இருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? நாள் முழுக்கச் சண்டைதான். ஒன்று சுள்ளி தேடிப் போனால் பக்கத்துக் கூட்டுக்காரன் அதன் கூட்டிலிருந்தே சுள்ளியை உருவிவிடுவான். திரும்பி வந்ததும் இரண்டும் கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து, வாக் வாக் என்று கத்தும். ஆனால் குத்து மேலே படாது. கூர்ந்து பார்த்தபோது ஒன்று புரிந்தது. கழுத்தை எவ்வளவு நீட்டினாலும் அடுத்தவன் மேல் படாத தூரத்தில்தான் ஒவ்வொன்றும் கூடு கட்டியிருந்தது.

கோவில்பிள்ளைக்கும் எனக்கும் நல்ல பழக்கம். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பல்லாவரத்தில் வளர்ந்தவர். பேச்சில் அந்த ஊர் அப்படியே இருக்கும். "இன்னா தம்பி, மேலயே பாத்துக்கினு நிக்கிற? பாரு, வேணான்னு சொல்லல. வாய மட்டும் மூடிக்கினு பாரு" என்பார். ஆராதனையில் அவர் கடைசி பெஞ்சில், கதவோரம். நடுவில் எழுந்து மணி அடிக்க, ஜன்னல் சாத்தப் போக வேண்டுமே. நான் அவர் பக்கத்தில் உட்காருவேன். நற்கருணை ஆராதனையில் சமாதானம் கொடுக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். பீடத்தில் ஆயர் தன்னோடு நிற்கும் ஒருவரின் கையைப் பிடித்துச் "சமாதானம்" என்பார். அவர் இறங்கி வந்து முதல் பெஞ்சில் கொடுப்பார். அப்படியே கைக்குக் கை, வரிசைக்கு வரிசை, பின்னால் வரும். எனக்கு வரும். நான் கோவில்பிள்ளைக்குக் கொடுப்பேன். அவரோடு அது முடியும். அவருக்குப் பின்னால் கதவுதான்.

ஒரு வருடம் கிறிஸ்மஸ் நெருங்கும்போது சபைக் கமிட்டி கூடியது. நானும் அதில் ஒரு அங்கத்தினர். கோவில்பிள்ளை எழுந்து நின்று மரத்தை வெட்டிவிட வேண்டும் என்று கேட்டார். அதற்கு முன் அவர் கமிட்டி முன்னால் பேசி நான் பார்த்ததே இல்லை. "வாசல்ல கால் வெக்க முடியல சார். மீன் கவுச்சி. எவ்ளோ கழுவினாலும் போவ மாட்டேங்குது." எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. கொக்குகள் கூடுகளில் அப்போதுதான் முட்டை வைத்திருந்தன. எழுந்தேன். "அத்தனை உயிரையும் அழிக்கணுமா? ஒருத்தர் சோம்பேறித்தனத்துக்காக மரத்த வெட்ட முடியாது" என்றேன். பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மரத்தைத் தொடுவதில்லை என்று முடிவானது. நான் ஜெயித்தேன். அவர் தண்ணீர் டம்ளர்களைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு "ஸ்தோத்திரம் அண்ணா" என்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய் மணிக்கயிற்றைப் பிடித்தார். அவருக்கே அவ்வளவு கோபம் என்றால் எனக்கும் இருக்காதா என்று, நான் போய் ஐந்தாவது பெஞ்சில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன். இப்படி இரண்டு மாதம் போனது. அப்போதும் தவறாமல் கொக்கு பார்த்தேன். பார்த்ததில் ஒரு விஷயம் சொல்கிறேன். கூட்டில் வக்கா அடைகாத்துக்கொண்டிருக்கும். அதன் ஜோடி ஏரியிலிருந்து திரும்பி வரும். அப்போது உட்கார்ந்திருப்பது அலகைத் தூக்கிக்கொண்டு சீறும், தன் ஜோடியைப் பார்த்தே. வந்தது உடனே அலகைக் கீழே இறக்கித் தலை குனிந்து காட்டும். கறுப்பு உச்சியும் அந்த வெள்ளை இறகும் மட்டும் தெரியும். அலகு தெரியாது. அதற்கு அப்புறம்தான் உள்ளே இடம் கிடைக்கும். ஒவ்வொரு தடவையும் இதேதான். ஆஹா, என்ன ஒழுங்கு என்று வியந்து, உங்கள் அம்மாவிடம் வந்து கதையும் சொன்னேன். அவள், "இங்க மட்டும் யாரும் குனியிறதக் காணோம்" என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

ஒரு ஞாயிறு வழியில் வண்டி பஞ்சர். ஆலயத்துக்கு வந்து சேர்ந்தபோது பாதி ஆராதனை முடிந்திருந்தது. நடுவில் நுழையக் கூச்சப்பட்டு வெளியே ஜன்னலோரம் நின்றேன். சமாதானம் பீடத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. கோவில்பிள்ளை தன் பெஞ்சில் தனியாக எழுந்து நின்றார். வலது கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்திருந்தார். அவருக்கு முன் வரிசைக்காரர் தன் பக்கத்து ஆளுக்குக் கொடுத்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார். வேண்டுமென்று இல்லை, கடைசி பெஞ்சுக்குக் கொடுப்பது என் வேலை என்று சபைக்கே பழகியிருந்தது. கோவில்பிள்ளை சிறிது நேரம் பார்த்தார். பிறகு நீட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, காணிக்கைப் பைகளை எடுத்து ஒவ்வொன்றாக நீவிவிடத் தொடங்கினார். அவர் முகத்தில் வருத்தம்கூட இல்லை. இரண்டு மாதமாக அப்படித்தான் நடந்திருக்கிறது என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின் அவரிடம் போய்க் கையை நீட்டினேன். "அண்ணா, மனசுல வெச்சுக்காதீங்க." அவர் என் கையைப் பார்த்தார், தொடவில்லை. "அத்தினி பேரு முன்னால சோம்பேறின்ன. இங்க ஆளில்லாத எடத்துல கை குடுத்தா ஆச்சா? கூட்டத்துல சொன்னத கூட்டத்துலதான் எடுக்கணும் தம்பி." பிறகு, "அத்தயும் சும்மா வாயால எடுக்காத. சனிக்கிழம காலைல வந்து பாரு. நீ பாக்கறது மேல. நான் பாக்கறது கீழ" என்றார்.

போனேன். குடை பிடித்துக்கொண்டு ஒரு கையால் பெருக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எச்சம் சுண்ணாம்பு மாதிரி இறுகி, சிமெண்டுத் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தது. தகரத் துண்டால் சுரண்ட வேண்டும், பிறகு ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க வேண்டும். குஞ்சுகள் பயந்தால் தின்றதைக் கக்கிவிடும். பாதி செரித்த மீன், தவளைக்கால். காற்றில் தவறி விழுந்த ஒரு குஞ்சு எறும்பு மொய்த்துக் கிடந்தது. அதை மண்வெட்டியில் எடுத்து வேலியோரம் புதைத்தார். "இது தெனம் ஒண்ணாச்சும் வுழும். நீ வர்ற நேரத்துக்கு இருக்காது" என்றார். நான் ரசித்த மரத்துக்குக் கீழே தினமும் இவ்வளவு வேலை நடந்திருக்கிறது. நான் வருவதற்குள் ஒருவர் அதையெல்லாம் கழுவித் தள்ளியதால்தான் எனக்குக் கொக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. இதை நான் யோசித்ததே இல்லை.

அந்த மாதக் கமிட்டியில் எழுந்து நின்றேன். "இவர நான் சோம்பேறின்னு சொன்னேன். தப்பு. அந்த வேலையில ஒரு மணி நேரம்கூட என்னால நிக்க முடியல. எல்லாரும் மன்னிக்கணும், முக்கியமா அண்ணன்" என்றேன். செயலாளர், "சரி, மரம் என்ன ஆகணும்கிறீங்க?" என்றார். குஞ்சுகள் பறந்தபிறகு வாசலுக்கு மேலே நீண்ட இரண்டு கிளைகளை மட்டும் வெட்டலாம் என்றேன். நான் பார்த்துப் பழகிய கூடுகளில் பாதி அந்தக் கிளைகளில்தான் இருந்தன. கோவில்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு, "ரெண்டும் வேணாம். வாசலுக்கு நேரா கீற ஒண்ணு போதும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் கிளை வெட்டியபின் அடுத்த வருடம் கூடுகள் குறைந்தன. அதை உங்களிடம் மறைக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்த இடம் வெறிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் மீதி மரத்தில் இன்னும் வருகின்றன, இன்னும் சுள்ளி திருடுகின்றன, இன்னும் கத்துகின்றன. சமாதானம் என்றால் சத்தமே இல்லாமல் இருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை போலிருக்கிறது. யாராவது ஒருவர் முதலில் அலகை இறக்க வேண்டும். அதைப் பார்த்து மற்றவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட வேண்டும். நீங்கள் இருவரும் சண்டை போடாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். போடுவீர்கள். நாலு பேர் முன்னால் ஒருவரைக் குத்திவிட்டால், அந்த நாலு பேர் முன்னாலேயே குனியுங்கள். அவ்வளவுதான்.

கோவில்பிள்ளை ஓய்வுபெற்றுப் பொத்தேரியில் மகள் வீட்டில் இருக்கிறார். இப்போது வாசல் கழுவுவது ஒரு அக்கா. கூடு கட்டும் மாதங்களில் சனிக்கிழமைதோறும் நாங்கள் ஐந்தாறு பேர் அவரோடு சேர்ந்துகொள்கிறோம். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்காமல் தாத்தாவும் ரயிலேறி வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, "தம்பி, அந்த மூலைய வுட்டுட்ட பாரு" என்று விரட்டுகிறார். மறுநாள் ஆராதனையில் கைக்குக் கை வந்து கடைசி பெஞ்சைச் சேரும்போது நான் திரும்பி அவருக்குச் சமாதானம் கொடுக்கிறேன். முன்னெல்லாம் அவர் கையில் மட்டும்தான் ப்ளீச்சிங் பவுடர் வாசம் இருக்கும். இப்போது அது என் கையில் இருக்கிறது. அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விடுகிறார்.