மேடத்தை அளந்தவர்கள்

அந்தக் கண்டக்டரம்மாவின் பஸ்ஸில் ஏறியவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். படிக்கட்டில் தொங்காதவர்கள் ஒரு வகை. தொங்கிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இன்னொரு வகை. அவர் வாயைத் திறந்தால் விசிலே தேவையில்லை என்பார் டிரைவர்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். மற்ற குழந்தைகள் தெருவில் ஓடித் திரிந்த வயதில்தான் அவள் நடக்கப் பழகினாள். மற்றவர்கள் கதையளக்கும் வயதில்தான் "அம்மா" என்றாள். மூளை வளர்ச்சி மெதுவாக இருக்கிறது, எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு வந்த கணவன் சில வாரம் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று பெட்டியைத் தூக்கினான். "அந்த டிக்கெட் பாதி வழியிலேயே இறங்கிடுச்சு" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி, கண்டக்டரம்மா அந்த விஷயத்தை முடித்துக்கொண்டார்.

மகளை வீட்டிலும் தெருவிலும் "மேடம்" என்றுதான் கூப்பிட்டார்கள். வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் அவளுக்குத் தாங்காது. விட்டவரைக் கூப்பிட்டு, இடுப்பில் கை வைத்தபடி நின்று, நேராக வைக்கச் செய்வாள். மாமாவானாலும் சரி, வாடகை வாங்க வரும் வீட்டுக்காரரானாலும் சரி.

முதலில் பெரிய தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். தலைமையாசிரியை பழங்கள் போட்ட அட்டையைக் காட்டி நிறம் கேட்டார். அட்டை சாய்ந்திருந்தது. மேடம் அதை வாங்கி மேசை ஓரத்துக்கு நேராக வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க ஸ்கூல்ல படிக்கிற எல்லாரும் நல்லா வரணும்னு நாங்க நினைக்கிறோம்" என்றார் தலைமையாசிரியை.

"இவ மட்டும் கெட்டுப்போகணும்னு நான் நினைக்கலியேம்மா."

"அப்படி இல்ல. இந்த மாதிரிக் குழந்தைகளைத் தனியா கவனிக்கணும்."

"கவனிக்கிறதுதானம்மா வாத்தியார் வேலை? அது எப்போலேருந்து தனியாச்சு?"

இடம் கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அரசாங்கப் பள்ளிக்கூடம் மறுக்க முடியாமல் சேர்த்துக்கொண்டது. சேர்த்தது பெயரை மட்டும்தான். கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். கரும்பலகையைத் துடைப்பதும் சாக்பீஸ் எடுத்து வருவதும் அவளுடைய பாடத்திட்டம். பரீட்சையில் கேள்வித்தாளையே பார்த்து அழகாக எழுதி வைப்பாள். அதற்கும் மார்க் போட்டு அடுத்த வகுப்புக்குத் தள்ளினார்கள். தள்ளிவிட்டால் அவள் அடுத்த டீச்சரின் தலைவலி. மேலதிகாரிகள் ஆய்வுக்கு வரும் நாளில் மட்டும், "நாளைக்கு உடம்பு சரியில்லன்னு லீவு போட்டுடுங்க" என்று முதல் நாளே வீட்டுக்குச் சொல்லியனுப்புவார்கள். வராத காய்ச்சலைத் தேதி குறித்து வரவழைக்கும் வித்தை அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்திருந்தது.

ஒரு வருடம் கண்டக்டரம்மா லீவு போட்டார். மகளுக்கு இல்லை, தனக்கு. மகளுக்குத் தேய்த்த சட்டை மாட்டி அழைத்துப்போய் முதல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆய்வுக்கு வந்த அதிகாரி அம்மாள் நேராக அவளிடமே வந்து பெயர் கேட்டார். "மேடம்" என்றாள். அதிகாரி தன்னைத்தான் மரியாதையாக அழைக்கிறாள் என்று நினைத்து, "வெரி குட்" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். கல்வித்துறை அவளைச் சோதித்தது அந்த ஒரு தடவைதான். அதில் அவள் பாஸ்.

மற்றதையெல்லாம் தாய்தான் சொல்லிக்கொடுத்தார். பட்டன் போடுவது, கடிகாரம் பார்ப்பது, சரியான பஸ்ஸில் ஏறுவது, யாரைப் பார்த்தாலும் வணக்கம் சொல்வது. ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்காகும். சிலதுக்கு வருடக்கணக்கு. வளர்ந்ததும், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து மடிக்க வேண்டும். எதிர்முனை பிடித்தவர் அங்கே நெடுநாளாக வேலை செய்யும் ஒரு கைம்பெண். மேடம் அவரை "மடிப்பக்கா" என்றாள். மடிப்பு ஒரு விரல் கோணினாலும் மேடம் விட மாட்டாள். அக்கா சலித்துக்கொள்வார். ஆனாலும் வேறு யாரையும் ஜோடி சேர்த்துக்கொள்ள மாட்டார்.

குறைபாட்டுக்குச் சான்று அட்டை வாங்கி வைத்தால், தனக்குப் பிறகு மகளுக்கு உதவித்தொகையாவது வரும் என்று கண்டக்டரம்மாவுக்கு யாரோ சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் குழு உட்காரும் நாளில் அழைத்துப்போனார். தலை சீவி, பூப்போட்ட சுடிதார் போட்டு உள்ளே போன மேடம், எல்லாருக்கும் தனித்தனியாக வணக்கம் வைத்தாள். மணி கேட்டார்கள், சொன்னாள். வேலை உண்டா என்றார்கள், உண்டு என்றாள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு, வாக்கியத்தில் பிழை திருத்துவது எல்லாம் இன்னொரு அறையில் நடந்தது. அதில் அவளுக்கு ஒன்றுமே வரவில்லை. ஆனால் வணக்கத்திலேயே குழு முடிவெடுத்திருந்தது. அட்டை கொடுக்கும் அளவுக்குக் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"அவ வணக்கம் சொல்ல மூணு வருஷம் ஆச்சு சார்" என்றார் கண்டக்டரம்மா.

"அதான் சொல்றாளேம்மா. சந்தோஷப்படுங்க."

வெளியே பெஞ்சில், மகனோடு காத்திருந்த ஒரு பெண் இவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்படிச் சிங்காரிச்சுக் கூட்டிட்டு வந்தா எவன் குடுப்பான்? அடுத்த தடவை தலை சீவாதீங்க. சட்டையில எதையாவது கொட்டி விடுங்க. என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லச் சொல்லுங்க. நான் அப்படித்தான் வாங்கப்போறேன்."

கண்டக்டரம்மா முகம் சுளித்தார். ஆனாலும் மறுமுறை போகும்போது அதையேதான் செய்தார். சீவாத தலையோடு தெருவில் நடக்க மாட்டேன் என்று மேடம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதட்டித்தான் இழுத்துப்போக வேண்டியிருந்தது. உள்ளே டாக்டர் கடிகாரத்தைக் காட்டி மணி என்ன என்றார்.

"தெரியாது" என்றாள் மேடம். பிறகு தாயைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்குத் தெரியும். அம்மாதான் தெரியாதுன்னு சொல்லச் சொன்னாங்க. மணி பத்தே கால்."

டாக்டர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, சொல்லிக்கொடுத்து அழைத்து வந்திருக்கிறார்கள் என்று எழுதினார்கள். ஒரு பொய் சொல்லக்கூடத் தெரியாதவளுக்குக் குறையே இல்லை என்று கண்டுபிடிக்க எத்தனை படிப்பு படித்திருக்க வேண்டும்! திரும்பும் வழியில் கண்டக்டரம்மா பஸ் நிலையக் குழாயடியில் மகளின் முகத்தைக் கழுவி, தலையைச் சீவி விட்டார்.

அடுத்த வருடம் மேடத்துக்கு வயிற்று வலி வந்தது. பித்தப்பையில் கல், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். கண்டக்டரம்மாவின் வேலையில் குடும்பத்துக்கே மருத்துவ இன்சூரன்ஸ் உண்டு. ஆனால் பிறவியிலேயே மூளை வளர்ச்சிக் குறைபாடு இருப்பவருக்குத் தர முடியாது என்று பதில் வந்தது. நேரே இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டை கட்டிய அதிகாரி.

"கல்லு இருக்கிறது பித்தப்பையில சார். மூளையில இல்ல."

"ஏற்கனவே உள்ள குறைன்னு ஃபைல்ல இருக்கும்மா. சின்ன வயசு ரிப்போர்ட்டே இருக்கு."

"மூளையிலேருந்து பித்தப்பைக்கு எந்த ரூட்ல பஸ் போகுது? எனக்குத் தெரிஞ்சு அப்படி ஒரு ரூட் இல்ல."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. கண்டக்டரம்மா டாக்டர் குழு கொடுத்த தாளை எடுத்து நீட்டினார். "பாருங்க. குறையே இல்லன்னு பெரிய டாக்டருங்க நாலு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"அது அரசாங்க அளவு. எங்க அளவு வேற."

"ரெண்டு பேரும் குடுக்காம இருக்கிறதுக்கு மட்டும் அளவு கரெக்டா வருது சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

ஆபரேஷன் அதே பெரிய அரசு ஆஸ்பத்திரியில் நடந்தது. சம்மதத் தாளைத் தாயிடம்தான் நீட்டினார்கள். "நான் எதுக்குப் போடணும்? அவளுக்குப் புத்தியில குறையில்லன்னு இதே ஆஸ்பத்திரி சொல்லியாச்சு. அவகிட்ட கேளுங்க" என்றார் கண்டக்டரம்மா. குத்திக்காட்டத்தான் சொன்னார். ஆனால் அந்த இளம் டாக்டர் பெண் உண்மையிலேயே கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வலிக்குமா?" என்றாள் மேடம்.

"செய்யும்போது வலிக்காது. முடிஞ்சப்புறம் கொஞ்ச நாள் நல்லாவே வலிக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் இந்த வலி வராது."

மேடம் யோசித்தாள். பிறகு எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். சுற்றி வளைக்காமல் அவளிடம் உண்மையைச் சொன்ன டாக்டர் அந்த ஒருத்திதான்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று டாக்டர் குழு உட்காரும் நாள். வந்ததே வந்தீங்க, அதையும் பாத்துட்டுப் போங்க என்று நர்ஸ் சொல்ல, அங்கேயும் எட்டிப் பார்த்தார்கள். தையல் இழுக்கும் வலியில் மேடம் சுவரில் சாய்ந்துகொண்டு யாரையும் பார்க்கவில்லை. வணக்கம் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. புதிதாக வந்திருந்த டாக்டர் அவளை ஒரு தடவைதான் நிமிர்ந்து பார்த்தார். அந்த வாரமே அட்டை வந்துவிட்டது. வயிற்றுத் தையலை வைத்து மூளைக்குச் சான்று கொடுத்திருந்தார்கள்.

அட்டையில் தன் போட்டோவைப் பார்த்ததும் மேடத்துக்கு ஒரே குஷி. உடம்பு தேறி வேலைக்குப் போனபோது கழுத்தில் மாட்டிக்கொண்டு போனாள். மேனேஜர் கையில் வாங்கிப் படித்தார். மறுநாள் தாயைக் கூப்பிட்டனுப்பினார்.

"மிஷின் ஓடுற இடம்மா. எங்க இன்சூரன்ஸ்காரன் இப்படிப்பட்ட ஆளுங்கள ஒத்துக்க மாட்டான்."

"நேத்து வரைக்கும் எப்படிப்பட்ட ஆளு சார் அவ?"

"நேத்து வரைக்கும் எங்களுக்குத் தெரியாதுல்ல."

"எட்டு வருஷமா உங்க கண்ணு முன்னாடி மடிக்கிறா. ஒரு அட்டையப் பாத்ததும் தெரிஞ்சிடுச்சா? அப்போ குறை யாருக்கு சார்?"

குரல் வெளி வாசல் வரைக்கும் கேட்டது. வேலை போனது போனதுதான்.

அதன் பிறகுதான் கண்டக்டரம்மா பயந்தார். அவர் ஓய்வு பெறும் காலம் வந்துகொண்டிருந்தது. யாருக்கும் சொல்லாமல் ஒரு காப்பகத்தைப் போய்ப் பார்த்தார். தரை பளபளவென்று இருந்தது. பெரியவர்களான ஆணும் பெண்ணும் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். "பாருங்க, எவ்வளவு அமைதி! ஒரு தொந்தரவும் கிடையாது" என்றார் நடத்துபவர் பெருமையாக.

"நாள் முழுக்க என்ன செய்வாங்க?"

"உக்காந்திருப்பாங்க."

கண்டக்டரம்மா நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார். அப்படி அமைதியாக உட்கார வைக்கவா இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தினோம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

வழி சொன்னது மடிப்பக்காதான். புதிய ஜோடி விரிப்பைச் சுருட்டித்தான் வைக்கிறாள் என்று அலுத்து, அவரும் கம்பெனி வேலையை விட்டு நின்றிருந்தார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் துணி மடிக்க ஆள் தேடினார்கள். இருவரையும் கண்டக்டரம்மாவே அழைத்துப்போனார். லாட்ஜ்காரர் ஒரு விரிப்பைத் தூக்கிப் போட்டார். மடித்தார்கள். "நாளைக்கு வந்துடுங்க" என்றார். அட்டையை யாரும் கேட்கவில்லை, யாரும் காட்டவுமில்லை. வேலை செய்வது தெரிந்தால் உதவித்தொகையை நிறுத்திவிடுவார்கள் என்று ஒருவர் எச்சரித்தார். "நிறுத்தட்டும். உக்காந்திருக்கிறதுக்குத்தான குடுக்கிறானுங்க" என்றார் கண்டக்டரம்மா.

இப்போது அவர் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். வாய்க்கு மட்டும் ஓய்வில்லை. சென்ற வாரம் பக்கத்து வீட்டம்மா உருகிய குரலில், "உங்களுக்கப்புறம் அவள யாருங்க பாத்துப்பா?" என்று கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு ஒரு டீ போடத் தெரியுமா? உங்களுக்கப்புறம் அவர யாரு பாத்துப்பா? அவருக்கும் ஒரு அட்டை வாங்கி வைங்க" என்று அனுப்பிவைத்தார்.

ஆனால் அதே கேள்வியை அவரே ஒரு நாள் மடிப்பக்காவிடம் கேட்டிருக்கிறார். அக்கா வீட்டுக்கு வந்திருந்தார், மேடம் கடைக்குப் போயிருந்த நேரம்.

"நான் இருக்கிற வரைக்கும் நான் பாத்துக்குவேன். அதுக்கப்புறம் எனக்குத் தெரியலம்மா."

கண்டக்டரம்மா எழுந்து போய், அக்காவுக்கும் சேர்த்து உலை வைத்தார்.