கேப்டனைப் பார்த்துக் கத்திய சனிக்கிழமை

1. வாய் திறக்காத மிட்ஃபீல்டர்

பின்லாந்தில் ஒரு சின்ன ஃபுட்பால் கிளப்பில் எனக்குக் கிடைத்தது வெறும் ட்ரையல்தான். சனிக்கிழமை மேட்ச் முடிந்ததும் கான்ட்ராக்ட் கொடுப்பார்கள், இல்லையென்றால் திண்டிவனத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். அதற்கு முந்தின பிராக்டிஸில் மாட்டிக்கொண்டேன்.

மிட்ஃபீல்டில் என் பக்கத்தில் ஆடியவர் கேப்டன் லினா. அந்த நாட்டு நேஷனல் டீமில் ஆடியவர். அவர் எங்கள் கோலைப் பார்த்தபடி பந்தை வாங்கினார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி பாய்ந்து வருவதை நான் பார்த்தேன். கேப்டனுக்குத் தெரியாததா என்று சும்மா இருந்துவிட்டேன். பந்து பறிபோய் கோல் விழுந்தது.

கோச் நேராக என்னிடம் வந்தார். அவர் பேசிய இங்கிலீஷை நம்ம ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன், அந்தக் காரம் அப்போதுதான் வரும்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"பாத்துக்கினு சும்மா நின்னியா? மிட்ஃபீல்டருக்குக் கால் பாதி, வாய் பாதி. சனிக்கிழமையும் இப்படியே நின்னா மூட்டையக் கட்டிக்க."

நான் ஆடிப் பழகிய விழுப்புரம் கிரவுண்டில் சீனியர் அக்காக்களிடம் குரலை உயர்த்தினால் "திமிரப் பாரு" என்பார்கள். வாயை மூடிக்கொண்டு ஓடுகிறவள்தான் நல்ல பெண். அந்த நல்ல பெண் இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

2. மீன் கடைக்கு ஒரு போன்

அம்மா மரக்காணத்திலிருந்து மீன் எடுத்துவந்து திண்டிவனத்தில் விற்கிறார். போனில் பேசினாலும் வியாபாரம் நிற்காது.

"பயமா இருக்குதும்மா. அனுப்பிடுவாங்க போல."

"எதுக்குடி?"

"கேப்டனப் பாத்துக் கத்தணுமாம். அவங்க பெரியவங்கம்மா."

"அட பேஜாரு புடிச்சவளே! சார், இந்தாண்ட வாங்க, வஞ்சிரம் இப்பதான் வந்துச்சு! கேட்டியாடி? அவரு பெரிய ஆபீசரு. நான் கூவுனா கோவிச்சிக்கிறாரா? வாங்கிக்கினுதான் போறாரு."

சொல்வது சுலபம். அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

3. சனிக்கிழமை

முதல் பாதி முழுக்க நாக்கு ஒட்டிக்கொண்டது. இடைவேளையில் கோச் என் பக்கம் திரும்பவே இல்லை. முடிந்தது கதை என்றுதான் திரும்ப இறங்கினேன்.

மறுபடியும் அதே மாதிரி கேப்டன் பந்தை வாங்கினார். பின்னால் ஒருத்தி பாய்ந்து வந்தாள்.

"அக்கா! பின்னால ஆளு! ஜல்தி உடுங்க!"

இங்கிலீஷ் வரவில்லை, திண்டிவனம் மார்க்கெட்தான் வந்தது. கேப்டனுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனாலும் அந்த அலறலைக் கேட்டதும் திரும்பிப் பார்க்காமலே பந்தை என் காலுக்குத் தள்ளிவிட்டார். அப்புறம் நான் வாயை மூடவே இல்லை. மேட்ச் என்னவோ டிராதான்.

டிரெஸ்ஸிங் ரூமில் கேப்டன் கோச்சிடம் சொன்னார்: "இவ இருந்தா எனக்கு முதுகுலயும் கண்ணு இருக்குது. வச்சிக்கங்க."

வைத்துக்கொண்டார்கள். உடனே அம்மாவுக்குப் போன் போட்டு மெதுவாகச் சொன்னேன்.

"என்னாடி? ஒண்ணும் கேக்கல. சத்தமா சொல்லு!"

ரூமே அமைதியாக இருந்தது. எழுந்து நின்று கத்தினேன். "என்ன எடுத்துக்கினாங்கம்மா!"

அங்கே ஆடி முடித்து ஊர் திரும்பி, இப்போது விழுப்புரத்தில் பெண் பிள்ளைகளுக்கு நான் கோச். முதல் நாள் பந்து கொடுக்க மாட்டேன், என் பேரைச் சொல்லிக் கத்தச் சொல்வேன். கத்தக் கூச்சப்பட்டு ஓரமாக நிற்கிறவளை மிட்ஃபீல்டில் போடுவேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள்தான்.