பூஜையைப் படம்பிடிக்க வந்த ட்ரோன்

புதுச்சத்திரம் அருகே லாரிக்குப் பாடி கட்டும் என் மைத்துனருக்கு, எதிரி ட்ரோன்களை முடக்கும் ராணுவக் கருவியைச் சுமக்கும் வண்டிக்கு பாடி கட்டும் வேலை முதன்முறையாக வந்தது. வண்டி முடிந்து பூஜை போட்டது புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை. எல்லா வண்டிக்கும் போல, பூஜையை ட்ரோனில் படம்பிடிக்க வீடியோக்காரரையும் அழைத்திருந்தார். அதில் தவறிருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பூசணிக்காய் உடைத்ததும் கருவியைச் செய்த கம்பெனியின் இன்ஜினீயர் வண்டியிலிருந்த அதை இயக்கிக் காட்டினார். தலைக்கு மேல் ட்ரோன் திணறி நின்றது. பிறகு, கேமராவை எங்கள் மீதே வைத்தபடி மெல்லக் கீழே வந்தது.

"நான் எறக்கலீங்க!" வீடியோக்காரர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை உயர்த்தினார். "அணைச்சுப்போடுங்க சாமி, என்ற பொழப்பே அதுதானுங்க!"

கருவியை அணைப்பதற்குள் ட்ரோன் தரையில் உட்கார்ந்துவிட்டது. உடையவில்லை. இருந்தும் வீடியோக்காரர், கருவியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, தோள் துண்டால் மூடித்தான் அதை எடுத்துப்போனார்.