மஞ்சள் காரும் லுஹர்த் தொழுகையும்

எண்பதுகளின் தொடக்கத்தில், சவூதியில் மூன்று வருடம் வெந்து திரும்பிய கையோடு கொழும்பில் ஒரு கார் வாங்கினேன். ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தது. மஞ்சள் நிறம், பக்கத்தில் கறுப்புக் கோடு, மூன்றே கதவுகள். மூன்றாவது, பின்கண்ணாடியோடு சேர்த்து மேலே தூக்கித் திறக்கும் கதவு. எங்கள் ஊர் சாய்ந்தமருதில் அப்போது ஓடியவை பழைய இங்கிலீஷ் கார்கள். அவற்றுக்கு நாலு கியர், என்னுடையதற்கு ஐந்து. எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஒன்றும் தனியாக இருந்தது. அது சிவப்புக் கோட்டைத் தொடும்போது எனக்குள் ஒரு பேய்ச் சந்தோஷம் வரும்.

"இதில ஆளேத்தவும் ஏலா, நெல்லேத்தவும் ஏலா. என்னத்துக்கு மகன் இது?" என்று வாப்பா கேட்டார். கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்குப் போக, முன் சீட்டில் ஏறி முதல் ஆளாக உட்கார்ந்திருப்பார்.

அக்கரைப்பற்றைத் தாண்டினால் பாதை நேராகக் கிடக்கும். அங்கே பஸ், வான் ஒன்றையும் முன்னால் போக விடமாட்டேன். ஒரு தடவை பொத்துவிலுக்கு ஒரு மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தேன். அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். தேத்தண்ணிக் கடையில் கேட்காதவனுக்கும் சொன்னேன்.

பொத்துவிலில்தான் காக்கா இருந்தார். எனக்கு ஒரே ஒரு மூத்த சகோதரன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிபோவான். காக்கா வாப்பாவின் சொல்லைத் தட்டி, தானே பார்த்த பெண்ணை முடித்துக்கொண்டு போனவர். வாப்பா கலியாணத்துக்குப் போகவில்லை. நாலு வருடம் இருவரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பெருநாளைக்குக்கூட இல்லை.

ஒரு நாள் விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பாமலே வாப்பா உறக்கத்தில் மௌத்தாகிவிட்டார்.

பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார்மார் முற்றத்தில் கூடினார்கள். காக்காவுக்கு அறிவிக்க அந்தப் பக்கத்தில் தொலைபேசி கிடையாது. உயிர் போன மையத்தை வைத்திருக்கக் கூடாது, கெதியாக அடக்க வேண்டும் என்பதுதான் ஊர் வழக்கம். ஆனாலும் மூத்த மரைக்கார் இரக்கப்பட்டார்.

"மூத்தவன் வாப்பாட மொகத்தப் பாத்து மாப்புக் கேக்கணும். பின்னேரம் அசர் வரைக்கும் வைப்பம்," என்றார்.

"அசர் வரைக்கும் என்னத்துக்கு? பகல் லுஹருக்கே வைங்க. நான் காக்காவக் கொண்டு வாறன்," என்றேன்.

"மறுகா, பிந்தினா?"

"பிந்தமாட்டன். அது என்ட கார்."

அந்த நேரத்தில் என் நாக்கு அழுகி விழுந்திருக்க வேண்டும்.

கார் ஒரு குறையும் வைக்கவில்லை. கோமாரியைத் தாண்டும்போது ஐந்தாவது கியரில் பறந்தது. ஒரு மணித்தியாலத்துக்குள் காக்காவின் வீட்டு வாசலில் நின்றேன். மதினி கதவுக்குப் பின்னால் நின்று சொன்னார்: "அவர் வெள்ளாமை வெட்டில நிக்காரு. மூணு நாளா வயல் வாடியிலதான் படுக்கிற."

நெல் வெட்டுக் காலம் என்பது எனக்குத் தெரியாதா? விவசாயி வீட்டுப் பிள்ளை நான். வெட்டுக்காலத்தில் ஒருவனும் வீட்டில் இருக்கமாட்டான் என்பதை மறந்து, தார் ரோட்டை மட்டும் கணக்குப் போட்டிருந்தேன்.

வயலுக்குப் போகும் பாதை ட்ரக்டர் உழக்கிய பாதை. நூறு யார் தூரம் போவதற்குள் காரின் வயிறு மண்ணில் குந்திவிட்டது. ஐந்து கியரும் சில்லைச் சுற்ற மட்டும்தான் உதவின. இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். காக்காவைக் கண்டு விஷயத்தைச் சொன்னதும் அவர் கையில் இருந்த, கதிர் வெட்டும் தாக்கத்தியைக் கீழே போட்டார். இருவரும் ஓடி வந்து, வெட்டுக்காரர் நாலு பேரோடு காரைத் தூக்கி எடுப்பதற்குள் வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

திரும்பும்போது எப்படி ஓட்டினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. காக்கா ஒரு கையால் கதவைப் பிடித்தபடி, வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார்.

ஊர் மையவாடி வாசலில், வாப்பாவை அடக்கிய ஆட்கள் கைமண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தொழுது முடித்து அரை மணித்தியாலம் பார்த்திருக்கிறார்கள். ஊரே கூடி நின்றதால் அதற்குமேல் முடியவில்லையாம். காக்கா ஈர மண்ணுக்குப் பக்கத்தில் நின்றார். மூத்த மரைக்கார் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு, "நாங்க அசருக்குத்தான் சொன்ன மகன். தம்பிதான் லுஹருக்கு வைக்கச் சொன்ன," என்றார்.

காக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பதில் அடித்திருக்கலாம்.

மூன்றாம் நாள், வாப்பாவின் பேரில் கத்தம் ஓதி முடிந்தது. "கொண்டு விடுறன் காக்கா," என்றேன். "வேணாம், பஸ்ஸில போறன்," என்றார். மெயின் ரோட்டு வரைக்கும் அவரோடு நடந்தேன். பஸ் வரத் தாமதமானது. ரோட்டைப் பார்த்தபடியே காக்கா கேட்டார்.

"வாப்பாட மொகம் எப்பிடி இருந்த?"

வாப்பாவைப் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியின் நுனியை அன்று காலையில் உம்மா எனக்காகத் தூக்கப்போனார். கையில் கார்ச் சாவியோடு நின்ற நான் அவசரத்தில் தடுத்துவிட்டேன்.

"நானும் பாக்கல்ல காக்கா," என்றேன். "வந்து பாப்பம் என்டு போன."